ஒரு கொட்டேஷன், பதினோரு இனங்கள்: மண்டபத்துக் குடும்பம் ஒன்று புதிய கார் வாங்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாங்கியவர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் கருவாடு மொத்த வியாபாரம் செய்பவர், அறுபதை நெருங்கும் வயது. மகள் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியை. வீட்டில் இருந்தது 2014-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். மனைவியின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை மதுரை போய்வர அது தாங்கவில்லை. 2025 ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வியாபாரம் சீரானதும் புதிய கார் எடுப்பது என்று முடிவானது.

தேவையை முதலிலேயே எழுதிக்கொண்டார்கள்: நான்கு மீட்டருக்குள் நீளம், 1,197 சிசி பெட்ரோல் இன்ஜின், ஆறு ஏர்பேக், மணல் ஏறிய தெருவில் அடி தட்டாத உயரம். எல்லாம் சேர்த்து 12 லட்சத்துக்குள் முடிய வேண்டும். அதில் 6 லட்சம் கடன்.

இந்தக் கரையோரத்தில் கார் வாங்குவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பல கம்பெனிகளுக்கு ராமநாதபுரத்தில் ஒரே ஷோரூம்தான். அடுத்ததைப் பார்க்க வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் போக வேண்டும். அதனால் பெரும்பாலோர் ஒரே கொட்டேஷனோடு முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது, “நம்ம பையன் ஒருத்தன் அங்க இருக்கான்” என்ற நம்பிக்கை. இந்தக் குடும்பத்துக்கும் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் அந்த ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தான். அவன் முகத்துக்காக விலை குறைப்பார்கள் என்று தந்தை நினைத்தார். நடைமுறையில் இது தலைகீழாகத்தான் வேலை செய்யும். தெரிந்தவன் பக்கத்தில் நிற்கும்போது ஒவ்வொரு கட்டணமும் எதற்கு என்று கேட்க வாய் வராது. கடற்கரையில் கருவாட்டுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறையாமல் நகராதவர்கூட, ஏசி அறையில் குளிர்பானத்தோடு நீட்டப்படும் தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

முதல் கொட்டேஷன்: 2025 ஜூலை கடைசி வாரம்

ஆடி மாதம். இந்தப் பகுதியில் ஆடியில் வண்டி டெலிவரி எடுப்பவர்கள் குறைவு, ஆகவே ஷோரூமில் கூட்டமும் இல்லை. விலை பேச ஆடி நல்ல மாதம். பேசி முடித்து ஆவணியில் வண்டி எடுப்பது இங்கே பலர் செய்வதுதான்.

விற்பனை ஊழியர் முதலில் வாய்மொழியாக, “ஆன்ரோடு பதிமூணு பதினாலு வரும்ணே, உங்களுக்காக மேனேஜர்ட்ட பேசி இன்னும் பாக்குறேன்” என்றார். மகள் எழுத்தில் கேட்டார். இரண்டு முறை கேட்ட பிறகு கிடைத்த தாளில் இருந்தவை:

எக்ஸ்ஷோரூம் விலை: 10,19,900
வாழ்நாள் வரி: 1,83,582
டிசிஎஸ் (விற்கும்போதே வாங்குபவரிடம் பிடிக்கும் வருமான வரி): 10,199
இன்சூரன்ஸ்: 52,400
பதிவுச் செலவு: 9,500
ஃபாஸ்டேக்: 600
கூடுதல் வாரண்டி: 16,800
ஆக்சஸரி கிட்: 24,500
அண்டர்பாடி மற்றும் பெயிண்ட் கோட்டிங்: 18,500
ஹேண்ட்லிங் கட்டணம்: 8,500
தள்ளுபடி: கழிக்க 30,000
மொத்தம்: 13,14,481

ஒரு வாரத்துக்குள் மதுரையில் அதே கம்பெனியின் வேறொரு டீலரிடம் அதே மாடல், அதே வேரியண்ட்டுக்கு மகள் இன்னொரு தாள் வாங்கினார். எக்ஸ்ஷோரூம், வாழ்நாள் வரி, டிசிஎஸ் மூன்றும் பைசா மாறாமல் அதேதான். ஹேண்ட்லிங் கட்டணம் அந்தத் தாளில் இல்லவே இல்லை. இன்சூரன்ஸ் ஒன்பதாயிரம் குறைவு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அன்றுதான் எதைப் பேச வேண்டும் என்பது தெளிவானது.

தாளில் கவனித்தவை

முதலாவது, பத்து லட்சம் என்ற எல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான வாழ்நாள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, முழு விலைக்கும் 18 சதவீதம். இந்த வண்டி எல்லையைத் தாண்டியது வெறும் 19,900 ரூபாய். 9,99,900 விலை என்றால் வரி 1,29,987-தான். அந்த 19,900-க்காக வரியில் மட்டும் 53,595 ரூபாய் கூடுகிறது. விலை 10 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீத டிசிஎஸ்ஸும் சேர்கிறது. டிசிஎஸ் பணம் போய்விடுவதில்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு அது போன பணம்தான்.

முப்பதாயிரம் தள்ளுபடியை இன்வாய்ஸிலேயே கழித்து விலையைப் பத்து லட்சத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று மகள் கேட்டார். வரிக்குப் பட்டியல் விலைதான் கணக்கு என்று ஷோரூம் மறுத்தது. அப்படியானால் 9,56,000 விலையுள்ள கீழ் வேரியண்ட்டா என்ற யோசனை வந்தது. ஏர்பேக் இரண்டிலும் ஆறுதான். குறைவது சன்ரூஃபும் அலாய் வீலும். மொத்த வித்தியாசமோ 1,33,000-க்கு மேல். இந்தக் கட்டத்தில் கீழ் வேரியண்ட் எடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து. தந்தை மேல் வேரியண்ட்டையே விரும்பினார். அதன் பிறகு நடந்தது கணக்கையே மாற்றியது.

இரண்டாவது, இன்சூரன்ஸ். புதிய தனியார் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். 1,000 முதல் 1,500 சிசி வரை அதற்கு நிர்ணயித்த பிரீமியம் 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அது எந்தக் கம்பெனியிலும் மாறாது. மீதியெல்லாம் பேசக்கூடிய தொகை: வண்டிச் சேதத்துக்கான பகுதி, கூடுதல் பாதுகாப்புகள். ஷோரூம் தாளில் சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால், உள்ளே வைத்த பொருள் போனால் என்று ஏழு கூடுதல் பாதுகாப்புகள் கேட்காமலே சேர்க்கப்பட்டிருந்தன. ஆனால் பழைய காரில் சேர்ந்திருந்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியச் சலுகை) கழிக்கப்படவில்லை. “அது பழைய வண்டிக்குத்தாண்ணே” என்றார் ஊழியர். தவறான பதில். அந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, பாலிசிதாரருக்கு உரியது. பழைய வண்டியை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்றுக் கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் புதிய வண்டிக்குப் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட கம்பெனியில்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தவும் முடியாது.

மூன்றாவது, ஹேண்ட்லிங் கட்டணம். எதற்கு என்று கேட்டதற்கு, “யார்டிலிருந்து வண்டி கொண்டுவர” என்றார்கள். தன் யார்டிலிருந்து தன் ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவருவது டீலரின் வேலை. வாங்குபவர் அதற்குத் தனியாகத் தர வேண்டிய காரணம் எதுவும் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் வண்டியோடே வர வேண்டியது. சில இடங்களில் “பதிவுச் செலவு” என்ற பெயருக்குள் அதற்கும் ஒரு தொகை ஒளிந்திருக்கும். மத்திய விதிப்படி காருக்குப் பதிவுக் கட்டணம் 600, கடன் இருந்தால் அதைப் பதிய 1,500, கார்டுக்கு 200. மாநிலத்தின் சாலைப் பாதுகாப்பு வரியைச் சேர்த்தாலும் 9,500 எப்படி வந்தது என்று விளக்கம் கிடைக்கவில்லை.

கோட்டிங் விஷயம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் இதற்குத்தான் அதிகம் பேர் பணம் கொடுக்கிறார்கள். “மண்டபம்னா ரெண்டு பக்கமும் கடல். உப்புக் காத்துல ஆறே மாசத்துல துரு வந்துரும்ணே” என்று சொன்னால் மறுக்கத் தோன்றாது. துரு பயம் நியாயமானது. தீர்வுதான் சரியல்ல.

இன்றைய கார் உடல் தொழிற்சாலையிலேயே ப்ரைமர் தொட்டியில் முழுவதும் முக்கியெடுக்கப்பட்டு, இணைப்புகள் அடைக்கப்பட்டு, அடிப்பகுதியின் முக்கிய இடங்களில் பிவிசி பூச்சுடன் வருகிறது. ஷோரூமில் அரை மணி நேரத்தில் அடிக்கும் ரப்பர் பூச்சு அதன் மேல் ஏறுகிறது. கீழே ஈரமோ உப்போ இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். துரு வெளியில் தெரியாமல் உள்ளுக்குள்ளே வளரும். அதைவிட மோசம், கதவின் அடி விளிம்பிலும் படிக்கட்டுப் பகுதியின் அடியிலும் தண்ணீர் வடிவதற்காக விடப்பட்ட சிறு துளைகள் அடைபடுவது. துளை அடைபட்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். துரு அங்கேதான் தொடங்கும். பிரேக் குழாய் இணைப்பிலும் சைலன்சர் சென்சாரிலும் பூச்சு பட்டால் பின்னால் பழுது பார்க்கும்போது தகராறு.

உண்மையில் உதவுவது அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவது. “நல்ல தண்ணீர்” என்பதில் அழுத்தம் தேவை. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் கரையிலும் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கழுவாமல் விட்டதைவிடக் கெடுதல். குடும்பம் கோட்டிங்கை மறுத்தது. குடிநீர் லாரியில் வாங்கும் தண்ணீரில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்குவது என்று முடிவு செய்தது.

முன்பணமும் ஆகஸ்ட் முடிவும்

ஆகஸ்ட் 10 அன்று 21,000 ரூபாய் கட்டி புக்கிங் செய்தார்கள். படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: டெலிவரி நாளில் நிலவும் விலையே பொருந்தும். வழக்கமாக இது கம்பெனிக்குச் சாதகம். ஜனவரியிலோ ஏப்ரலிலோ விலை ஏறினால் ஏற்றம் வாங்குபவர் தலையில் விழும். மகள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 15 அன்று, தீபாவளிக்குள் ஜிஎஸ்டி விகிதங்கள் சீரமைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். சிறிய கார்களின் வரி 28-இலிருந்து 18 சதவீதமாகலாம் என்ற பேச்சு உடனே பரவியது. அடுத்த திங்கட்கிழமை ஷோரூமிலிருந்து அழைப்பு: “இந்த மாசமே பில் போட்டா இன்னும் இருபத்தஞ்சாயிரம் தர்றோம்ணே. ஜிஎஸ்டி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. உங்க கலர் வண்டியும் போயிரும்.”

அவர்களின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. யார்டில் நிற்கும் வண்டிகளை டீலர்கள் பழைய வரியும், அதோடு சேரும் கூடுதல் வரியான இழப்பீட்டு செஸ்ஸும் கட்டி எடுத்திருந்தார்கள். விகிதம் மாறினால் கட்டிய செஸ், கழித்துக்கொள்ள வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். ஊழியரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய சுமையை வாங்குபவர் சுமக்க வேண்டியதில்லை.

அன்று இரவு வீட்டில் போட்ட கணக்கு: நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு அப்போது ஜிஎஸ்டி 28, செஸ் 1, ஆக 29 சதவீதம். 10,19,900-ஐ 1.29-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை ஏறத்தாழ 7,90,600. அதற்கு 18 சதவீதம் சேர்த்தால் 9,32,900. பத்து லட்சத்து எல்லைக்குக் கீழே. அப்போது வாழ்நாள் வரி 13 சதவீதமாக 1,21,277. டிசிஎஸ் கிடையாது. விலையில் 87,000, வாழ்நாள் வரியில் 62,305, டிசிஎஸ்ஸில் 10,199, ஆக 1,59,504 குறைய வாய்ப்பு. மறுபக்கம், காத்திருந்தால் 30,000-மும் புதிதாகச் சொன்ன 25,000-மும் கைநழுவலாம். வரி குறையாமலே போனாலும் இழப்பு 55,000-ஐத் தாண்டாது. வரி குறைந்தால் தள்ளுபடி முழுவதும் போனாலும் லட்சத்துக்கு மேல் மிச்சம். பழைய கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவசரமில்லை. காத்திருப்பது என்று முடிவானது. தந்தை நேரில் போய், “தம்பி, புக்கிங் அப்படியே இருக்கட்டும். விலை எதுவோ, டெலிவரி அன்னைக்கு உள்ளது. உங்க தாள்லயே இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் இந்த வகை கார்களுக்கு 18 சதவீதம், செஸ் இல்லை.

கடன்: யார் பெயரில், எந்த வட்டிக்கு

ஷோரூமில் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் 5.5 சதவீதம் என்றார். அது ஃபிளாட் வட்டி, அதாவது அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடும் வட்டி. 6 லட்சத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 1,65,000 வட்டி, மாதத் தவணை 12,750. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 10 சதவீதம். குடும்பத்துக்குக் கணக்கு இருந்த வங்கிக் கிளை 9 சதவீதத்துக்கு, குறையும் அசல் முறையில், தர ஒப்புக்கொண்டது. தவணை 12,455. மாதம் 295 என்றால் அறுபது மாதத்துக்கு 17,700. தங்கள் வழியாகக் கடன் எடுத்தால் 10,000 கூடுதல் தள்ளுபடி என்று ஷோரூம் சொன்னது. கூட்டிக் கழித்தால் வங்கியே லாபம். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு, ஆண்டு வட்டியும் எல்லாக் கட்டணமும் ஒரே இடத்தில் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருபவர் கொடுக்க வேண்டும். ஏஜெண்டிடம் அதைக் கேட்டபோது கையெழுத்துக்குப் பிறகு தருவதாகச் சொன்னார். பேச்சு அங்கேயே முடிந்தது.

இன்னொரு சிக்கல் இதில்தான் வெளிப்பட்டது. சம்பளச் சான்று மகளிடம் இருந்ததால் வண்டியும் கடனும் மகள் பெயரில் என்று முதலில் திட்டம். பழைய கார் தந்தை பெயரில். நோ கிளைம் போனஸ் ஒருவர் பெயரிலிருந்து உயிருடன் இருக்கும் இன்னொருவர் பெயருக்கு மாறாது, மகளுக்கும் மாறாது. ஆகவே வண்டி தந்தை பெயரில், கடனில் மகள் இணைக் கடனாளி என்று மாற்றினார்கள். வங்கி அதை ஏற்றது. இந்த ஒரு மாற்றத்தில் பிரீமியத்தில் ஏறத்தாழ 10,000 ரூபாய் மிஞ்சியது.

மீதித் தொகை வியாபாரப் பணம், பெரும்பகுதி ரொக்கம். ஒரு விற்பனைக்கு 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க சட்டம் அனுமதிப்பதில்லை, தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் சரி. பணத்தை முன்னதாகவே கணக்கில் போட்டு வங்கி வழியாகக் கட்டினார்கள்.

இரண்டாவது பேச்சு: செப்டம்பர் நடுவில்

புதிய விலைப்பட்டியல் வந்ததும் மதுரை டீலரிடம் மறுபடியும் எழுத்தில் ஒரு தாள் வாங்கப்பட்டது. பண்டிகைக் கூட்டம் தொடங்கிவிட்டதால் கம்பெனித் தள்ளுபடி இரண்டு இடத்திலும் 10,000 ஆகச் சுருங்கியிருந்தது. மதுரையில் டீலர் தன் பங்காக இன்னும் 5,000 எழுதியிருந்தார்.

ராமநாதபுரத்தில் இந்த முறை மேலாளரே உட்கார்ந்தார். “மொத்தமா எவ்வளவுக்கு முடிக்கலாம்னு நீங்களே ஒரு ரேட் சொல்லுங்கண்ணே” என்றார். இந்தக் கேள்விக்குத் தொகை சொன்னால் பேச்சு அங்கேயே அவர் பக்கம் போய்விடும். மொத்தத்தில் பத்தாயிரம் குறைத்தாலும் எந்த இனத்தில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது மறைந்துபோகும். மகள் சொன்னது: “மொத்தம் வேண்டாம் சார். ஒவ்வொண்ணா பாத்துருவோம்.” தாளை மேசையில் விரித்து, கம்பெனியோ அரசோ நிர்ணயிக்கும் தொகைகள் எதிரே பென்சிலால் ஒரு டிக். எக்ஸ்ஷோரூம், வாழ்நாள் வரி. அவற்றைப் பேசவேயில்லை. அதன் பிறகு கீழிருந்து மேலாக.

ஹேண்ட்லிங், மதுரைத் தாளில் இல்லை என்று காட்டியதும் நீங்கியது. கோட்டிங் வேண்டாம் என்றதும் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்பதே பதில். ஆக்சஸரி கிட் கட்டாயம் என்றார்கள். எந்த ஆவணத்தில் கட்டாயம் என்று எழுதியிருக்கிறது என்று கேட்டதும் அதுவும் போனது. மேட், மட்ஃபிளாப், ரிவர்ஸ் கேமரா மூடி என்று தேவையானவற்றை வெளியே 7,400-க்கு வாங்கினார்கள். பதிவுச் செலவு, அரசு ரசீதும் சேவைக் கட்டணமும் மட்டும் என்று 4,800-க்கு வந்தது. கூடுதல் வாரண்டியை வைத்துக்கொண்டார்கள். மின்னணுப் பாகங்கள் நிறைந்த வண்டிக்கு, உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும் ஊரில், அது செலவுக்குத் தகும். விலை 14,000 ஆனது. ஃபாஸ்டேக்கிலும் நூறு ரூபாய் குறைந்தது.

இன்சூரன்ஸுக்கு வெளியே ஒரு கம்பெனியின் மேற்கோள் 34,600. பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் பாதுகாப்பு), இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கிடைக்கும் பாதுகாப்பு, வண்டி முழுதும் போனால் இன்வாய்ஸ் விலை தரும் பாதுகாப்பு மூன்றும் சேர்த்து. 2024 நவம்பரில் ராமேஸ்வரம், பாம்பன் பகுதியில் ஒரே நாளில் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் இன்ஜின் பாதுகாப்பை விடக் கூடாது. மேற்கோளைப் பார்த்த மேலாளர் அதே தொகைக்கு, அதே பாதுகாப்புகளோடு, தங்கள் வழியாகத் தர ஒப்புக்கொண்டார். விபத்து என்றால் பணம் கட்டாமல் வேலை முடியும் என்பதால் ஷோரூம் வழியாகவே எடுத்தார்கள். டீலர் தன் பங்கு 8,000 சேர்த்து, தள்ளுபடி 18,000.

சர்வீஸில் இருந்த பங்காளி வீட்டுப் பையனை இந்தப் பேச்சு எதற்கும் அழைக்கவில்லை. அது அவனுக்கும் நிம்மதியாக இருந்தது. அவனுடைய உதவி வேறிடத்தில் தேவைப்பட்டது.

வண்டியைப் பார்த்த நாள்

பணம் முழுதும் கட்டுவதற்கும் சேசிஸ் எண் பதிவுக்குப் போவதற்கும் முன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். பதிவான பிறகு வண்டி உங்களுடையது, மறுக்க வழியில்லை.

செப்டம்பர் 24 காலை, யார்டில் பையனும் கூட இருந்தான். முதலில் ஒதுக்கிய வண்டி ஏப்ரலில் தயாரானது, மே முதல் திறந்தவெளியில் நின்றிருந்தது. பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துருப்படலம் இருந்தது. அது இரண்டு முறை பிரேக் அழுத்தினால் போய்விடும், கவலையில்லை. படுத்துப் பார்த்தபோது பின் ஆக்சில் போல்ட் தலைகளிலும் சைலன்சர் வெல்டிங் மடிப்பிலும் விரலில் ஒட்டும் பழுப்புத் துரு. பேட்டரி வேறொரு பேட்டரியின் உதவியில்லாமல் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுத்தார்கள். ஊழியர் முகம் வாடினாலும் இரண்டாவது வண்டி காட்டப்பட்டது: ஜூலையில் தயாரானது, ஓடியது 38 கிலோமீட்டர். நான்கு டயரின் பக்கச் சுவரிலும் நான்கு இலக்க எண் 2425, அதாவது 2025-இன் 24-ஆவது வாரம். கண்ணாடிகள் எல்லாம் ஒரே கம்பெனி முத்திரை. கதவுகளின் அடித்துளைகள் திறந்திருந்தன. உற்பத்தி மாதம் விற்பனைச் சான்றான படிவம் 21-இலும் வரும் என்பதால் பின்னர் அதோடும் ஒத்துப் பார்த்தார்கள்.

முடிவு

ஆயுத பூஜையும் விஜயதசமியும் அக்டோபர் 1, 2. இரண்டும் விடுமுறை. ஆகவே ஆர்டிஓ வேலை செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். 29 அன்று டிஎன் 65 எண் கிடைத்தது. விஜயதசமி காலையில் டெலிவரி.

கட்டிய மொத்தம் 10,90,077. முதல் தாளைவிட 2,24,404 குறைவு. இதில் 1,59,504 வரி மாற்றத்தால் வந்தது, பேச்சின் பலன் அல்ல. மீதி 64,900. இந்த 64,900 வந்த வழியைப் பார்க்க வேண்டும்: தள்ளுபடி என்ற இனம் 30,000-இலிருந்து 18,000 ஆகக் குறைந்திருந்தது. மற்ற ஏழு இனங்களில் 76,900 போனது. வெளியே வாங்கிய பொருட்களுக்கு ஆன 7,400-ஐக் கழித்தாலும் 57,500 மிச்சம். “எவ்வளவு டிஸ்கவுண்ட் கொடுத்தாங்க?” என்று ஊரில் கேட்டவர்களுக்கு இவர்கள் சொன்ன பதினெட்டாயிரம் சின்னதாகத்தான் தெரிந்தது. சிறிய கார்களில் டீலரின் வருமானம் வண்டி விலையைவிட இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரி, பழைய வண்டி என்ற துணை இனங்களில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. பேச வேண்டிய இடமும் அதுவே.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பழைய காரின் விற்பனையில் இழப்பு ஏற்பட்டது. ஜூலையில் வெளியே ஒருவர் 2,75,000 கேட்டார். புதிய வண்டி கைக்கு வரட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். புதிய கார்களின் விலை இறங்கியதும் பழைய கார்களின் விலையும் சரிந்தது. செப்டம்பரில் ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் சொன்னது 2,05,000. கடைசியில் பரமக்குடியில் ஒருவருக்கு 2,38,000-க்கு விற்றார்கள். 37,000 இழப்பு. போனஸ் சான்றுக் கடிதம் மூன்று ஆண்டு செல்லும் என்பதால் ஜூலையிலேயே விற்றிருந்தாலும் இன்சூரன்ஸில் எதுவும் குறைந்திருக்காது. இரண்டு மாதம் வாடகைக் காரில் மதுரை போய்வந்திருந்தாலும் லாபமே. விற்றபோது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றம் முடிந்ததை ஆன்லைனில் சரிபார்த்த பிறகே விட்டார்கள், அது சரியாகச் செய்யப்பட்டது.

புக்கிங் ரசீதில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்கவில்லை. இந்த முறை தேவைப்படவில்லை. ஆனால் ஆகஸ்டில் காத்திருக்க முடிவெடுத்தபோது அந்த 21,000 பற்றிய பயம் தந்தைக்குக் கடைசிவரை இருந்தது. புக்கிங் அன்றே நான்கு விவரங்களை ரசீதிலேயே எழுதி முத்திரை வாங்க வேண்டும்: வேரியண்டும் நிறமும், எந்த மாதத்துக்குப் பிறகு தயாரான வண்டி, பணம் கட்டுமுன் வண்டியைப் பார்க்கும் உரிமை, ரத்தானால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும். மூன்றாவதை இவர்கள் தனிக் கடிதமாகக் கேட்டு வாங்கியதால்தான் ஏப்ரல் வண்டியை மறுக்க முடிந்தது.

வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தை முதல் நாளே கையில் வைத்திருந்தால் ஏஜெண்டோடு போன இரண்டு மாலைகள் மிஞ்சியிருக்கும். டெலிவரிக்குப் பின் ஒரு வேலையும் உண்டு: கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்க வேண்டும். பழைய காரில் அதைச் செய்யாமல் விட்டிருந்ததால்தான் பரமக்குடிக்காரருக்குப் பெயர் மாற்ற மூன்று வாரம் பிடித்தது.